ஏரி நீரும் உபகாரச் சம்பளமும்

பயிருக்கு நீர் வேண்டும் என்பதில் உழவருக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அஃது எப்பொழுது வேண்டும் என்பதை அறிவதிலேயே உழவரின் திறமை விளங்குகின்றது. கதிர் ஈனும் பருவத்தில் ஒரு முறை பாயும் நீர், அறுவடைக்குப் பின் பத்து முறை பாயும் நீரினும் மேலானது. பாகூர் ஏரியின் மதகுகளைப் பார்த்து வளர்ந்த எவர்க்கும் இஃது ஒருவர் சொல்லித் தெரியவேண்டுவதன்று. ஆயினும், பயிர் விஷயத்தில் நன்கறிந்த இவ்வுண்மையைப் பிள்ளைகளின் கல்வி விஷயத்தில் நாம் மறந்துவிட்டோமோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஏழை மாணாக்கர்க்கு உதவி வேண்டும் என்று சொல்லாதார் இந்நாளில் இலர். அவ்வுதவி எப்பொழுது வந்து சேரவேண்டும் என்று கேட்பாரோ மிகச் சிலர். அக்கேள்வியை நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்கள்முன் வைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

புதுவை நகருக்கு மேற்கே வில்லியனூரும், தெற்கே பாகூரும் இரு கொம்யூன்களுக்குத் தலையூர்கள். நெல்லும் கரும்பும் வாழையும் விளையும் பூமி அது. அவ்வூர்களில் பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாளில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கணக்குகள் போடப்படுகின்றன. ஒன்று, பிள்ளை பெற்ற மதிப்பெண்களின் கூட்டல். மற்றொன்று, வீட்டிலுள்ள பொருள்களின் கூட்டல். முதற்கணக்கைத் திண்ணையிலிருந்து உரக்கப் போடுவர். இரண்டாங் கணக்கை விளக்கணைத்த பின்னர், கணவனும் மனைவியும் மெல்லிய குரலிற் போடுவர். கறவை மாடு ஒன்று, காதிலுள்ள தோடு ஒரு ஜோடி, சீட்டுப்பணம் ஏதேனும், தருவதாகச் சொன்ன உறவினர் இருவர், இவ்வளவே அக்கணக்கு.

கல்லூரிச் செலவு என்றவுடன் கல்லூரியார் கேட்கும் சம்பளத்தை மட்டும் நினைப்பது நகரத்தார் வழக்கம். கிராமத்தாருக்கு அது செலவின் ஒரு பகுதியே. கீழ்க்கோடியிலுள்ள ஊரிலிருந்து பாகூர் வரையில் ஒரு வண்டி, பாகூரிலிருந்து புதுவைக்கு மற்றொரு வண்டி, அங்கிருந்து இலாசுப்பேட்டைக்கோ காலாப்பட்டுக்கோ மூன்றாவது வண்டி. இப்போக்குவரத்துச் செலவு நாள்தோறும் உண்டு. பகலுணவு, புத்தகம், செய்முறை ஏடு, தேர்வுக் கட்டணம் ஆகியவை வேறு. இவை அனைத்தினும் பெரிதாகிய செலவொன்று உண்டு. அஃது எந்த இரசீதிலும் காணப்படுவதில்லை. பதினெட்டு வயது இளைஞன் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனால் வீட்டுக்கு வரக்கூடிய கூலியே அது. அவன் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அக்குடும்பம் அக்கூலியை இழக்கின்றது. ஆதலின், சம்பளமே வாங்காத கல்லூரியும் ஏழைக்கு இலவசமானதன்று என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இச்செலவை ஈடு செய்வதற்கு உலகெங்கும் நான்கு வழிகள் வழங்குகின்றன. திருப்பித் தரவேண்டாத நன்கொடை ஒன்று. தகுதியோ தேவையோ கருதி ஆண்டுதோறும் அளிக்கப்படும் உபகாரச் சம்பளம் மற்றொன்று. படித்துக்கொண்டே கல்லூரியில் வேலை செய்து ஊதியம் பெறுதல் மூன்றாவது. பின்னர்த் திருப்பிச் செலுத்துவதாக ஏற்றுக் கடன் பெறுதல் நான்காவது. இந்நான்கினும் எது சிறந்தது என்று பலர் வாதிடுகின்றனர். எனது துணிபோ வேறு. எவ்வகை உதவியாயினும், செலவு நேரும் நாளுக்கு முன்னரே அது கைக்கு வருமாயின் நலம் பயக்கும். பின்னர் வருமாயின், ஏழை மாணாக்கனை அது நான்காவது வழியாகிய கடனிலேயே, அதுவும் அடகுக் கடையின் கடனிலேயே தள்ளிவிடும் என்பது யான் கண்ட உண்மை.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் கொண்டிருந்த கருத்தை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. பாகூருக்கே போகலாம். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாவது ஆட்சியாண்டில், நிலைதாங்கி என்னும் தலைவன் விண்ணப்பித்தவண்ணம், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்துக்கு அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடுகள் என்று சரித்திர ஆசிரியர் போற்றும் ஏடுகள் இச்செய்தியையே கூறுகின்றன. அவ்வாறு கல்விக்கென விடப்பட்ட மானியத்துக்கு வித்தியாபோகம் என்று பெயர். அஃதாவது, இன்று நாம் கல்லூரி என்று சொல்லும் நிலையம் ஒன்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாகூரில் இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களின் வருவாய் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது.

வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் மேற்கே சென்றால் திரிபுவனை என்னும் ஊர் வரும். அங்குள்ள கோயிற் கல்வெட்டொன்று முதலாம் இராசாதிராச சோழன் காலத்தது. 1048ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வூர்க் கல்லூரியில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் இருந்தனர் என்றும், அதன் செலவுக்காக 72 வேலி நிலம் விடப்பட்டு, அதிலிருந்து ஆண்டுக்கு 12,000 கலம் நெல் வந்தது என்றும் அக்கல்வெட்டினால் அறிகின்றோம். அதற்குச் சற்று முன்னர், முதலாம் இராசேந்திரன் காலத்தில், இப்பொழுது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரம் என்னும் ஊரிலும் இத்தகைய கல்லூரி ஒன்று நடைபெற்றது. அங்கே 340 மாணாக்கர் பயின்றனர். இளைய மாணாக்கர் 270 பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்வகுப்பு மாணாக்கர் 70 பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு குறுணி இரு நாழி, அஃதாவது 10 நாழி நெல். கூட்டிப் பார்த்தால் மாணாக்கரின் உணவுக்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி, ஏறக்குறைய 24 கலம் நெல் அளக்கப்பட்டது.

அன்பர்கள் இவ்விடத்தே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டுகின்றேன். அச்சொல் ‘நாளொன்றுக்கு’ என்பதாம். ஆண்டு முடிவிற் கணக்குப் பார்த்து மொத்தமாக அளந்து தருவோம் என்று அந்நாளைச் சபையார் சொல்லவில்லை. மாணாக்கனுக்குப் பசி நாள்தோறும் வருவதாதலின் நெல்லும் நாள்தோறும் வரல் வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். நிலத்தை முதலில் விட்டனர். நெல்லைப் பின்னர் அளந்தனர். மாணாக்கன் அதன் பின்னரே வந்து சேர்ந்தான். இன்றோ மாணாக்கன் முதலில் வந்து சேர்கின்றான். பணம் அவனைத் தேடிக்கொண்டு பின்னே வருகின்றது.

பழமையைப் புகழும்போது அதன் குறையை மறைத்தல் நேர்மையாகாது. அக்கல்லூரிகள் வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் கற்பித்தவை. அவற்றின் நெல் ஒரு சாரார்க்கே அளக்கப்பட்டது. அந்நெல்லை விளைவித்த உழவனின் மகனுக்கும் மகளுக்கும் அக்கல்லூரியின் வாயில் திறந்திருக்கவில்லை. விளைவித்தவன் வெளியே நிற்க, உண்டவன் உள்ளே கற்றான் என்பதே அந்நாளைய நிலை. எனவே அக்காலம் மீண்டும் வரவேண்டும் என்று யான் சொல்லவில்லை. உதவி உரிய நாளில் வந்ததே அக்காலத்தின் சிறப்பு. உதவி யாவர்க்கும் உரியதாய் இருப்பது இக்காலத்தின் சிறப்பு. இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தல் ஆகாதோ என்பதே என் வினா.

இக்காலத்து அறத்தின் பரப்பைச் சிறிது நோக்குவோம். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணாக்கர் பள்ளியிறுதிக்கு மேற்பட்டுக் கற்பதற்கான உபகாரச் சம்பளத் திட்டம் இந்தியாவில் 1944ஆம் ஆண்டு தொடங்கிற்று. அஃது இன்றளவும் நடந்துவருகின்றது. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பெற்றோரின் ஆண்டு வருவாய் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத மாணாக்கர்க்குத் திருப்பித் தரப்படாத கட்டணங்களும், படிப்பின் தன்மைக்கும் விடுதி வாசத்துக்கும் ஏற்ப ஆண்டுக்கு 2,500 ரூபாய் முதல் 13,500 ரூபாய் வரையில் படிப்புப் படியும் உண்டு. பணம் மாணாக்கரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தப்படல் வேண்டும் என்பதும் விதி. புதுவையிலோ, சென்டாக் என்னும் சேர்க்கைக் குழுவின் வழியாகத் தொழிற்கல்வியில் இடம்பெற்றோர்க்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரால் நிதியுதவி அளிக்கும் திட்டம் ஏற்பட்டுள்ளது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களிற் பத்து விழுக்காடு ஒதுக்கும் ஏற்பாடும் 2023இல் வந்தது. இவற்றையெல்லாம் அளித்தாரை நாம் நன்றியுடன் நினைத்தல் கடன். நிருபதுங்கன் மூன்று ஊர்களை விட்டான். இன்றைய அரசோ நாட்டின் வரிப்பணத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்க்கு உதவுகின்றது.

எனினும், என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே கூறாமல் மேலே செல்ல இயலவில்லை. யான் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தவன். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளத்துக்கு உரியவன் என்பதிலும் ஐயமில்லை. விண்ணப்பமும் கெடுவுக்குள் செலுத்தினேன். ஆனால் கட்டணம் செலுத்தவேண்டிய கெடு ஒன்பது நாளில் முடிவதாயிருந்தது. ‘சர்க்கார் பணந்தான் வரப்போகிறதே, தம்பி, வந்ததும் மீட்டுக்கொள்ளலாம்’ என்று சொல்லி, அன்னையார் தம் காதிலிருந்த தோட்டைக் கழற்றித் தந்தார். அஃது அவருடைய தாயார் கலியாணத்தில் இட்ட தோடு. காதுத் துளை தூர்ந்துவிடாதிருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டார். அவ்வாண்டு முழுவதும் குச்சியோடேயே நடவுக்கும் களைக்கும் போனார்.

அவ்வாண்டு கழிந்தது, தேர்வும் முடிந்தது, மறு ஆண்டுக்குரிய கட்டணமும் வந்துற்றது. அதன் பின்னரே உபகாரச் சம்பளம் வந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும், அதில் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் வட்டி ஏறி, கெடுவும் கடந்து, தோடு ஏலத்திற் போய்விட்டிருந்தது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அன்னையார், ‘பணம் வந்துவிட்டதல்லவா, அது போதும்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அலுவலகத்தாரின் கணக்கில் யான் முழு உதவி பெற்ற மாணாக்கன். எங்கள் வீட்டுக் கணக்கிலோ, வட்டியும் தோடும் அவ்வுதவியின் விலையாயின. இதில் எவரையும் குறைகூறுதல் என் கருத்தன்று. அலுவலர் விதிப்படி நடந்தனர். கல்லூரியாரும் விதிப்படி நடந்தனர். அடகு பிடித்தவரும் தம் விதிப்படியே நடந்தார். எல்லோரும் விதிப்படி நடந்தும் ஓர் ஏழைத்தாயின் தோடு போயிற்று எனின், குற்றம் மனிதரிடத்தன்று, காலத்தை எண்ணாத ஏற்பாட்டினிடத்தே என்பது தெளிவன்றோ?

இஃது எளியேன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பெரியோர் வரலாற்றிலும் இதனைக் காண்கின்றோம். திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியிற் பயின்ற அப்துல் கலாம் அவர்கள் சென்னையில் விமானப் பொறியியல் கற்க இடம் பெற்றபோது, சேர்க்கைக்கு வேண்டிய ஆயிரம் ரூபாய் அவர் தந்தையாரிடம் இல்லை. அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அப்பணத்தைத் தந்தார். அறிஞர் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் அளித்த உபகாரச் சம்பளத்தால், மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் பெற்று, அமெரிக்கா சென்று கற்றார். பின்னர் இலண்டனிற் கல்வியைத் தொடங்கிய நிலையில், உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை நடுவே நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. தாம் சேர்த்த பணமும், கோலாப்பூர் மன்னரின் உதவியும், நண்பரொருவரின் கடனும் கொண்டு 1920இலேதான் மீண்டும் செல்ல முடிந்தது. அத்தகைய பேரறிவாளரின் காலத்திலும் மூன்றாண்டுகள் பொருளின்மையாற் கழிந்தன எனின், பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையொருவன் ஒருமுறை படிப்பை நிறுத்திவிட்டால் மீண்டு வருவான் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது?

காலம் தாழ்வதற்குரிய காரணங்களுள் சிலவற்றை நாமே நீக்கலாம். வருவாய்ச் சான்று, குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய இவையின்றி எந்த விண்ணப்பமும் நகராது. தேர்வு முடிவு வந்த பின்னர் இவற்றைத் தேடத் தொடங்குவது நம் கிராமத்தாரின் வழக்கம். தந்தை மூன்று நாட்கூலியை விட்டு அலுவலகத்துக்கு நடப்பார். நாலாம் நாள் பெயரில் ஓர் எழுத்துப் பிழையென்று திருப்பப்படுவார். 2015 முதல் மத்திய அரசின் உபகாரச் சம்பளங்கள் பலவற்றுக்கும் இணையவழியே விண்ணப்பிக்கும் பொது ஏற்பாடு உள்ளது. ஆனால் அதன் கெடுநாள் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் எவர்க்கும் தெரிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் பொங்கல் விடுமுறையிலேயே இச்சான்றுகளைத் திரட்டிவிடும்படி ஒவ்வொரு பள்ளியாசிரியரும் தூண்டுவாராயின், பாதித் துன்பம் குறையும்.

எல்லைச் சிக்கலொன்றும் எங்கள் பகுதிக்கு உண்டு. புதுவை நிலமும் தமிழ்நாட்டு நிலமும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. வரப்பின் இப்பக்கத்து வீடு பாகூரைச் சேர்ந்தது. அப்பக்கத்து வீடு கடலூரைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு அரசு, தன் அரசுப் பள்ளிகளிற் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குப் புதுமைப்பெண் என்னும் பெயரால் 2022 முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்னும் பெயரால் 2024 முதலும் மாதந்தோறும் 1,000 ரூபாய் அளிக்கின்றது. ஒரே வயலில் நடவு நட்ட இரு பெண்களின் மக்களுள் ஒருவர் ஒரு திட்டத்துக்கும், மற்றொருவர் வேறு திட்டத்துக்கும் உரியவராவர். தத்தமக்கு உரியது யாதென்று முன்னரே கேட்டறியாதவர் இரண்டினையும் இழப்பர். ஆயினும் அத்திட்டத்தில் யான் வியந்து போற்றும் அமிசம் ஒன்றுண்டு. தொகை பெரிதன்று, ஆனால் அது மாதந்தோறும் வருவதாக அமைக்கப்பட்டது. எண்ணாயிரத்தில் நாள்தோறும் அளந்த நெல்லின் நெறியை அது பின்பற்றுகின்றது.

இனி, உழைத்துக் கற்றலைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் பெரியா என்னும் கல்லூரி உண்டு. 1855இல் தோன்றிய அக்கல்லூரி 1892 முதல் மாணாக்கரிடம் கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அங்குள்ள மாணாக்கர் ஒவ்வொருவரும் வாரத்துக்குப் பத்து மணி நேரமேனும் கல்லூரிப் பணி செய்வர். நூலகம், தோட்டம், தச்சுப்பட்டறை, அலுவலகம் என எங்கும் மாணாக்கரின் கைகளே உழைக்கும். எல்லோரும் செய்வாராதலின் அங்கே உழைப்பு இழிவாகக் கருதப்படுவதில்லை.

நம் கிராமத்து இளைஞர் உழைக்காமலா இருக்கின்றனர்? இரவில் கலியாண மண்டபங்களிற் பந்தி பரிமாறுகின்றனர். விடுமுறையிற் சுமை தூக்குகின்றனர். பண்டு மாணாக்கர் நெல் பெற்ற திரிபுவனையில் இன்று ஆலைகள் உள்ளன. அவை போன்றவற்றில் இரவு முறைவேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பறையிற் கண்ணயரும் பிள்ளைகளை யான் அறிவேன். ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்பர். அவனோ வகுப்பிலுள்ள எல்லோரினும் மிகுதியாக உழைத்தவன். இவ்வுழைப்பைக் கல்லூரி எல்லைக்குள்ளேயே கொணர்ந்தால் என்ன? நூலகத்திற் புத்தகம் அடுக்கவும், ஆய்வுக்கூடத்திற் கருவிகளைக் காக்கவும், அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கவும், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையிற் பாடம் சொல்லவும் எத்துணையோ கைகள் வேண்டும். வாரத்துக்குப் பத்து மணிக்கு மேற்படாமல், மாதத்தின் முதல் நாளிலேயே ஊதியம் தருவதாக அமைத்தால், அது படிப்பையும் கெடாது, தன்மதிப்பையும் வளர்க்கும். பத்து மணி நேரம் என்னும் எல்லை இன்றியமையாதது. அதனைக் கடந்தால் மாணாக்கன் மறைந்து தொழிலாளியே எஞ்சுவான்.

கடனைப் பற்றி யாது சொல்வது? கடன் தீதென்று முற்றும் விலக்குதல் இயலாது. 2001இல் இந்திய வங்கிகளுக்கென வகுக்கப்பட்ட மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி, நாலு இலட்சம் ரூபாய் வரையில் ஈடு கேட்பதில்லை. 2015 முதல் ஏழரை இலட்சம் வரையில் அரசின் உத்தரவாத நிதி துணை நிற்கின்றது. ஆண்டு வருவாய் நாலரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்து மாணாக்கர்க்குப் படிப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. 2024 நவம்பரில் ஏற்கப்பட்ட வித்யாலட்சுமி திட்டம் ஈடும் பிணையும் இன்றிக் கடன் தர வழிசெய்கின்றது. ஆயின் அது தரவரிசையில் உயர்ந்து நிற்கும் நிறுவனங்களில் இடம்பெற்றோர்க்கே உரியது. அடகுக் கடையினும் வங்கிக் கடன் ஆயிரம் மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. இதனை அறியாமலே நம்மவருட் பலர் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனர்.

ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. மூன்று இலட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கி ஏழாண்டில் தீர்ப்பதாயின், மாதந்தோறும் ஏறக்குறைய 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். முதல் வேலையில் 15,000 ரூபாய் பெறும் ஒருவனுக்கு அது மூன்றில் ஒரு பங்கு. வேலையே கிடைக்காத மாதத்திலும் கடன் காத்திராது. அமெரிக்க நாட்டில் கல்விக்கடன் நிலுவை ஒரு இலட்சத்து அறுபதாயிரம் கோடி டாலருக்கு மேற்பட்டு, நடுவயதினரும் அதனைச் சுமந்து திரிகின்றனர். ஆஸ்திரேலியாவிலோ 1989 முதல், வருவாய் ஒரு வரம்பைக் கடந்த பின்னரே வரியுடன் சேர்த்துத் தவணை வாங்கும் முறை உள்ளது. கடன் கொடுப்போர் அத்தகைய பொறுமையைக் கற்கும் வரையில், நம் மாணாக்கர்க்குக் கடன் கடைசி வழியாகவே இருத்தல் நலம்.

இங்ஙனம் கூறுவோர்க்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படும். ‘இலவசமாகத் தந்தால் மாணாக்கர் சோம்புவர்’ என்பது ஒன்று. மூன்று வண்டி மாறி வந்து, மூன்று வண்டி மாறித் திரும்பி, மண்ணெழும்பும் சாலையில் நடந்து வீடு சேர்ந்து, அதன் பின்னர்ப் புத்தகத்தைத் திறக்கும் பெண்ணைப் பார்த்து எவரும் இதனைச் சொல்லத் துணியார். ‘அரசு தருகின்றதே, நமக்கு என்ன வேலை?’ என்பது மற்றொன்று. இஃது ஆராயத்தக்கது. அரசின் பணம் பெரிது. அதன் நடையோ மெல்லியது. பல கைகள் கடந்து, பல முத்திரைகள் பெற்று வருவதாதலின், அதனை ஓரளவுக்கு மேல் விரைவுபடுத்தல் அரிது. நம்மிடம் உள்ள பணம் சிறிது. ஆனால் அது கூப்பிட்ட குரலுக்கு வரும். பெரிய பணம் வந்து சேரும் வரையில் சிறிய பணம் முன்னின்று தாங்குமாயின், இரண்டும் தத்தம் வேலையைச் செய்தனவாகும்.

ஆதலின் யான் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு கல்லூரியிலும் ‘முன்பண நிதி’ ஒன்று ஏற்படல் வேண்டும். உபகாரச் சம்பளத்துக்கு உரியவனென்று சான்றுகளால் விளங்கும் மாணாக்கனுக்கு, சேர்க்கை நாளிலேயே அவன் கட்டணத்தை அந்நிதி செலுத்திவிடல் வேண்டும். அரசின் தொகை அவன் கணக்கில் வந்தவுடன் அவன் அதனை நிதிக்குத் திருப்பித் தருவான். வட்டி இல்லை, ஈடு இல்லை, ஏலமும் இல்லை. நூறு மாணாக்கர்க்கு ஆளுக்கு 8,000 ரூபாய் வீதம் எட்டு இலட்சம் ரூபாய் போதும். பழைய மாணாக்கர் 400 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் ஒருமுறை தந்தால் அத்தொகை சேர்ந்துவிடும். அது செலவாகும் பணமன்று. ஆண்டுதோறும் போய்த் திரும்பும் பணம். சிலர் திருப்பித் தரமாட்டார் என்று அஞ்சுவாரும் உளர். ஏரியில் நிற்கும் நீரில் ஒரு பகுதி காற்றுக்கும் வெயிலுக்கும் போகத்தான் செய்யும். அதற்காக யாரும் ஏரி வெட்டாமல் இருந்ததில்லை.

அந்நிதிக்கு இரண்டு விதிகள் போதும். உதவி பெறுவார் பெயரை மேடையில் வாசித்தலாகாது என்பது முதலாவது. ஏழ்மையை ஊரறியச் செய்து தரும் உதவி, தோட்டை வாங்கிக்கொண்டு தரும் கடனினும் கொடிது. கேட்ட நாளுக்கு மறுநாளுக்குள் முடிவு சொல்லல் வேண்டும் என்பது இரண்டாவது. உதவியை அதன் அளவாலன்றி அது வந்த காலத்தாலும் அளக்கவேண்டும் என்பதைச் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்திற் கற்றவர் நாம். தேர்வுத்தாளில் அதற்கு விடையெழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கின்றோம். அதனை ஒருமுறை செய்து காட்டுதலும் வேண்டாமோ?

பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொணரும் வாய்க்காலுக்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். பங்காரி, சிங்காரி என்னும் பெண்மணிகள் இருவர் தாம் ஈட்டிய பொருளையெல்லாம் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை வழங்குகின்றது. அவர்கள் அரசியர் அல்லர். ஆடிப் பாடிப் பொருள் ஈட்டியவர்கள். ஆற்றில் நீர் இருந்தது. வயலில் தாகம் இருந்தது. நடுவே ஒரு வாய்க்கால் இல்லை. அவ்வொன்றையே அவர்கள் செய்தனர் என்பது கதை. இன்றும் அரசின் கருவூலத்தில் நீர் இருக்கின்றது; பாகூரிலும் வில்லியனூரிலும் தாகம் இருக்கின்றது. நடுவே வெட்டவேண்டிய சிறு வாய்க்கால் நம்முடையது.

என் அன்னையார் இன்று முதியவர். முதற் சம்பளத்தில் யான் வாங்கித் தந்த தோட்டை அணிந்திருக்கின்றார். ஆனால் அது தம் தாயார் இட்ட தோடு அன்று என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வரும் ஆண்டின் சேர்க்கை நாளில் வேறொரு தாயார் நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்பார். அவர் காதிலுள்ளது அவர் காதிலேயே இருக்கட்டும் என்பதே இக்கட்டுரையின் முடிந்த முடிபு. பழைய மாணாக்கராகிய நாம் அதற்கு இன்றே ஆவன செய்வோமாக.